லேட் ஏகாம்பரம்

திருப்புலிவனத்தில் இளமதியிடம் ஏமாறாதவர்கள் என்று பார்த்தால் கைக்குழந்தைகளும், காது கேட்காத வேதகிரித் தாத்தாவும்தான். ஐந்தாவது படிக்கும்போது மூன்றேகாலுக்கே பள்ளிக்கூட மணியை அடித்து, மொத்தப் பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பிவைத்தவள். இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். படிக்கிறாள் என்பது ஒரு பேச்சுக்கு.

அவளுடைய நைனா ஏகாம்பரம் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டியவர். அறுப்புக் காலத்தில் ஊர் ஊராகப் போவார். இன்றைக்கு வருகிறேன் என்றால் நாலு நாள் கழித்து வருவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தென்னேரிப் பக்கம் ஒரு வயலில், மிஷின் மேலேயே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியத்தன்று எல்லாரும் அழுதுகொண்டிருக்க, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு மாமன்களின் வேட்டி முனைகளை இளமதி முடிச்சுப் போட்டுவிட்டாள். எழுந்து ஆளுக்கொரு பக்கம் நடந்தவர்கள் பட்டாபட்டி டவுசரோடு நின்றார்கள். "நைனா செத்த வூட்ல பண்ற வேலையாடி இது?" என்று ஊரே திட்டியது. பதினாறு நாளாகச் சோறு இறங்காத அம்மா மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அது அழுகை இல்லை என்று இளமதிக்குத் தெரியும். அதற்காகத்தான் முடிச்சே போட்டாள்.

தம்பி கார்த்திக்குக்கு அப்போது நாலு வயசு. பிணம் வருவதற்குள் அவனை வாலாஜாபாத் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "நைனா மிஷினோட தூரமாப் போயிகீதுடா" என்று யாரோ சொல்லிவைத்ததை அப்புறம் திருத்த ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

இந்த வருஷம் அவன் ஒன்றாம் வகுப்பு. கழுத்தில் மாட்டுகிற அட்டை கொடுத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"தந்தை பெயர்... லே...ட் ஏகாம்பரம். யக்கா, லேட்டுன்னா இன்னா?"

துணி துவைத்துக்கொண்டிருந்த இளமதிக்குக் கை நின்றுபோனது. வாய் நிற்கவில்லை. "லேட்டுன்னா லேட்டுதான். டெய்லி நீ ஸ்கூலுக்குப் போறியே, அந்த மாதிரி."

"அப்ப நைனா லேட்டா வரும்னு மிஸ்ஸுக்கே தெரியுமா? அட்டையிலயே போட்டுகீறாங்க!"

அவள் வாயைத் திறப்பதற்குள் பையன் தெருவில் இருந்தான்.

அன்றிலிருந்து அவனைப் பிடிக்க முடியவில்லை. சாயங்காலமானால் பஸ் ஸ்டாப். எந்த பஸ் நின்றாலும் எட்டிப் பார்ப்பான். சத்துணவு முட்டையைத் தின்னாமல் டவுசர் பாக்கெட்டில் கொண்டுவந்து, நைனாவுக்கென்று அரிசி டிரம்மில் ஒளித்தான். நாலாம் நாள் டிரம் தன் கதையைத் தானே சொல்லியது.

"இன்னாடி இது நாத்தம்?" என்று அம்மா மூக்கைப் பொத்தினாள்.

"நான்தான் வெச்சேன். உன்னை பேஜார் பண்ணலாம்னு," என்றாள் இளமதி. துடைப்பத்தால் இரண்டு விழுந்தது. அது பெரிசில்லை. இதுவரை எந்தப் பொய்யையும் அவளே சிரித்துக் காட்டிக் கொடுத்துவிடுவாள். இதில் மட்டும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே போனது.

கார்த்திக்கின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வந்தது. அம்மாவுக்குக் கம்பெனியில் லீவு இல்லை, இளமதிதான் தன் ஸ்கூல் அட்டையும் கழுத்துமாகப் போனாள். கார்த்திக் பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்து இடம் பிடித்திருந்தான்.

"நவுத்துடா, குந்தணும்."

"அது நைனாவுக்கு. லேட்டா வரும்ல?"

பின்வரிசை அம்மா ஒருத்தி "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டினாள். கார்த்திக் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு இளமதியிடம் கேட்டான். "இன்னாக்கா பாவம்?"

வேறு யார் வாயிலிருந்தோ அவன் தெரிந்துகொள்ளப் போகிறான். இளமதி தரையில் அவன் முன்னால் குந்தினாள்.

"கார்த்திக்கு, நான் வுட்டது கப்சாடா. லேட்டுன்னா செத்துப்போனவங்கன்னு அர்த்தம். நைனா செத்துப்போச்சு. இனிமே வராது."

அவன் அவள் உதட்டோரத்தையே பார்த்தான். கப்சா என்றால் அங்கேதான் முதலில் துடிக்கும். துடிக்கவில்லை.

தோளில் ஒரு குத்து விட்டான். இன்னொன்று. அவள் நகரவில்லை. மூன்றாவதுக்கு ஓங்கிய கை, அவள் கழுத்திலிருந்த அட்டையைப் பிடித்தது.

"லே...ட் ஏகாம்பரம்." நிமிர்ந்தான். "உனுக்கும் லேட்டா?"

"ஆமாண்டா. ரெண்டு பேருக்கும் ஒரே நைனாதானே."

அவள் துப்பட்டாவிலேயே மூக்கைச் சிந்தினான். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "குந்து."

மிஸ் பதிவேட்டோடு வந்தார். "கார்த்திக், உங்க வீட்லேர்ந்து யாரு?"

"எங்கக்கா மிஸ்," என்று எழுந்து நின்றான். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "லேட்டு."

மிஸ்ஸின் பேனா அப்படியே நின்றது.

"மிஸ், மிஸ், உசுரோடதான் கீறேன்!" என்று இளமதி பதறி எழுந்தாள்.

கார்த்திக் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். அம்மாவின் அதே குலுங்கல்.