டாக்டர் சொன்ன செய்தி

தென்காசியில் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில், எழுபதுகளின் கடைசியில், என் முன்கையில் வெளிறிய தேமல் ஒன்று வந்தது. அதில் ஊசி குத்தினாலும் வலிக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, தொழுநோயின் ஆரம்பம், பரவாத வகை, மாத்திரையில் குணமாகிவிடும் என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் கிணற்றடிக்குப் போனேன். வாளியைப் பிடித்துக்கொண்டு நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அக்கா நின்றிருந்தாள்.

"டீச்சர், இனிமே நீங்க இங்கன தண்ணி எறைக்க வேண்டாம். நாங்களே கொண்டாந்து வைக்கோம். தப்பா நெனச்சிராதீய."

அன்றைக்கே டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

"வீட்டுக்காரரு நம்ம சிநேகிதருதான். டீச்சர் அடிக்கடி வாறாங்களேன்னு கேட்டாரு, சொன்னேன். பரவாதுன்னும் சொன்னேனே" என்றார்.

"நான் சொல்ல வேண்டிய விஷயம்லா அது, சார்?"

அவர் புரியாமல் பார்த்தார். அவரைத் தடுக்கச் சட்டம் ஏதாவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

பள்ளிக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. சாரல் தொடங்கியதும் எப்போதும் என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துப்போகும் இரண்டு டீச்சர்களும் அந்த வருஷம் சொல்லாமல் போய்விட்டார்கள். அடுத்த சனிக்கிழமை நான் தனியாகப் பஸ் ஏறினேன்.

அருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். வழுக்கும் பாறையில் தடுமாறிய ஓர் அம்மாள் சட்டென்று என் முன்கையைப் பற்றிக்கொண்டாள். அவள் விரல்கள் தேமலின் மேலேயே இருந்தன. எனக்கு அந்தத் தொடுகை தெரியவில்லை, கண்ணால்தான் பார்த்தேன்.

"விட்டுராத, எம்மா" என்றாள்.

விடவில்லை. கரைக்கு வந்ததும் சிரித்துவிட்டுத் தன் கூட்டத்தோடு போனாள். நான் ஈரச்சேலையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாற்றல் கேட்டு சிவகிரிக்குப் போனேன். மாதம் ஒருமுறை திருநெல்வேலிக்குப் போய் மாத்திரை வாங்கிவந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் விசாரித்தால், அங்கே சித்தி இருப்பதாகச் சொன்னேன். அப்படி ஒரு சித்தி கிடையாது. நோய் முழுக்கக் குணமானது.

அந்தப் பெண் நல்லவள். குழம்பு வைத்தால் எனக்கும் கொண்டுவருவாள். ஆனால் நான் கிண்ணத்தை வாசலிலேயே வாங்கிக்கொள்வேன். சிவகிரியில் இருந்த வருஷங்களில் ஒரு நாளும் அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னதில்லை.