பைய விடு

சாலோமி டீச்சரிடம் விசில் ஒன்று உண்டு. அவள் அதை ஊதி யாரும் கேட்டதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தொன்பது வருடமாக உடற்பயிற்சி ஆசிரியை. மைதானத்தின் இந்த மூலையில் நின்று "ஏட்டி!" என்று ஒரு குரல் கொடுத்தால், அந்த மூலையில் வேப்பமரத்துக்குப் பின்னால் முறுக்குத் தின்றுகொண்டிருக்கும் பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்துவிடும். அப்புறம் விசில் எதற்கு?

அவள் கணவர் ஜோஷுவா தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறவர், பரம சாது. "தேரோட்டக் கூட்டத்துலகூட எம் பொண்டாட்டிய நான் தேட வேண்டாம். நின்ன எடத்துல நின்னு காதக் குடுத்தாப் போதும்" என்பார். அவர் ஒருவர்தான் அந்தக் குரலைக் குறையாகச் சொல்லாதவர். மற்றபடி அக்கம்பக்கம், மாமியார், தலைமையாசிரியை எல்லோரும் ஏதோ ஒரு நாள் "கொஞ்சம் மெதுவாப் பேசப்பிடாதா?" என்று கேட்டாயிற்று. அதெல்லாம் அவளுக்கு உறைப்பதில்லை. உறைத்தது ஒரே ஒரு வார்த்தைதான்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து, கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்காக ஒரு மாதம் விடாமல் ஒத்திகைக்குப் போனாள். குழுத் தலைவர் வேதநாயகம் சார் நல்ல மனுசர், கோபமே வராது. கடைசி ஒத்திகை முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒன் கொரலு ஒண்ணும் மோசமில்லம்மா. ஆனா மத்தவங்க கொரல முழுங்கிருது. அன்னைக்கு நீ வாய மட்டும் அசை, போதும்."

சாலோமி அப்படியே செய்தாள். வெள்ளைச் சேலை கட்டி, கையில் மெழுகுவத்தி பிடித்து, ஐந்து பாட்டுக்கும் சத்தமில்லாமல் வாயசைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மா, "இன்னைக்கு நீ நல்லாப் பாடுன" என்றாள். அந்தப் பாராட்டை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் பாடகர் குழு இருக்கும் பக்கமே திரும்பவில்லை.

போன வருடம் பிருந்தா போன் பண்ணினாள். சாலோமியிடம் நீளம் தாண்டப் படித்த பிள்ளை, இப்போது சென்னையில் மொபைல் விளையாட்டு தயாரிக்கிற கம்பெனியில் இருக்கிறாள். அந்தக் காலத்தில் கடைகளில் ஆளுயரப் பெட்டி வைத்து, காசு போட்டு ஆடிய ஒரு விளையாட்டை அவர்கள் போனுக்காகப் புதிதாகச் செய்துகொண்டிருந்தார்கள். துப்பாக்கியோடு ஒருவன் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருப்பான், எதிரே வருவதையெல்லாம் சுட்டுத் தள்ளுவான், கதை அவ்வளவுதான். புதிதாகச் சேர்த்தது ஒரு பெண் கேப்டன். ஓடுகிறவனுக்கு அவள் தமிழில் உத்தரவு போட வேண்டும்.

"எத்தனையோ பேர வச்சுப் பாத்துட்டோம் டீச்சர். எல்லாரும் செய்தி வாசிக்கிற மாதிரி பேசுதாங்க. குண்டு மழைக்கு நடுவுல ஒங்க கொரலுதான் கேக்கும்."

சாலோமி எந்த நாள், எத்தனை மணி என்று மட்டும் கேட்டாள்.

பாளையங்கோட்டையிலேயே ஞானப்பாட்டு ஒலிப்பதிவு செய்கிற ஒரு ஸ்டூடியோவில் சனிக்கிழமை ஏற்பாடாயிற்று. பிருந்தாவும் வந்திருந்தாள். அங்கிருந்த ஒலிப்பதிவாளர் தாஜ் முகம்மது, "மைக்க விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சர்... இன்னுங் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளைக் கதவோரம் கொண்டுபோய் நிறுத்தினார். "எழுதுனதப் படிக்காதீங்க டீச்சர், கிரவுண்டுல சொல்லுத மாதிரி சொல்லுங்க" என்றாள் பிருந்தா. சாலோமியும் சொன்னாள். திரையில் கேப்டன் வாயசைத்தாள், வெளியே வந்தது சாலோமியின் குரல். இந்தத் தடவை வாயசைக்கிற வேலை வேறொருத்திக்கு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தூசி என்று சொல்லிச் சமாளித்தாள்.

சோதனைக்காக ஆயிரம் பேர் கையில் அந்த விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்தாம் நாள் பிருந்தா மறுபடி அழைத்தாள், குரலில் சுரத்தே இல்லை.

"டீச்சர், மூணாவது கட்டத்துல எல்லாரும் செத்துப் போறாங்க."

மூன்றாவது கட்டத்தில் ஜீப் ஒரு மரப்பாலத்தில் ஏறும். வேகமாக ஓட்டினால் பலகை முறியும். எழுதிக் கொடுத்த வசனம் 'மெதுவாக ஓட்டு'. சாலோமி அதையே ஊர்ப்பேச்சில் சொன்னது 'பைய விடு'. திருநெல்வேலிக்காரியான பிருந்தாவுக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. ஆனால் ஜீப்பில் வெடிகுண்டுப் பை ஒன்று இருந்தது, அதைக் கீழே போட ஒரு பொத்தானும் இருந்தது. சென்னை, கோயம்புத்தூர் ஆட்களெல்லாம் கேப்டன் பையைத்தான் விடச் சொல்கிறாள் என்று நினைத்து, பாலத்தின் நடுவில் அதைப் போட்டுவிட்டார்கள். பாலம், ஜீப், ஆள் எல்லாம் காலி.

"மெதுவான்னு மாத்திச் சொல்லிருதேன், அவ்வளவுதான?"

"ஒரு வார்த்த இல்ல டீச்சர். மொத்தக் கொரலையும் மாத்தணும்னு மேல இருக்கவரு சொல்லுதாரு. வேற ஒருத்தரப் பேச வச்சு எடுத்தும் வச்சாச்சு. நாந்தான் டீச்சர இன்னொரு தடவ சொல்ல வச்சுக் கேட்டுப் பாருங்கன்னு சொல்லிருக்கேன்."

அன்று அவள் சாப்பிடவில்லை. ஜோஷுவாவிடமும் சொல்லவில்லை. அடுக்களையில் நின்று 'மெதுவா ஓட்டு' என்று பலமுறை சொல்லிப் பார்த்தாள். அது அவள் வாயில் உத்தரவாக வரவில்லை, விண்ணப்பம் மாதிரி வந்தது. மறுபடியும் வாயை மட்டும் அசைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளியில் விளையாட்டு அறை மேசையை வெளியே தூக்க வேண்டியிருந்தது. ஒரு முனை சாலோமி, மறுமுனை கணக்கு டீச்சர் விஜயஸ்ரீ. சென்னையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்.

"பைய வைங்க, டீச்சர்."

விஜயஸ்ரீ மேசையைப் பிடித்தபடியே தன் தோளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "என் பை ஸ்டாஃப் ரூம்ல இருக்கே!"

சாலோமிக்கு எரிச்சல் மூண்டது. அதற்குள் மேசை ஒரு பக்கம் சரிய, அவளையறியாமல் "பைய, பைய, பைய!" என்று கத்திவிட்டாள். விஜயஸ்ரீ பூப்போல இறக்கி வைத்தார்.

"இப்ப மட்டும் எப்படிப் புரிஞ்சுது?"

"மூணு தடவை சொன்னீங்களே. பையை யாராவது மூணு தடவை கேப்பாங்களா?"

சாலோமி அன்று மாலையே ஸ்டூடியோவுக்குப் போனாள். தாஜ் முகம்மது கேட்கும் முன்பே கதவோரம் போய் நின்றுகொண்டாள். மூன்று 'பைய'யையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அது சென்னைக்குப் போயிற்று. "பாப்போம்னு சொல்லிருக்காங்க டீச்சர்" என்றாள் பிருந்தா. அப்புறம் ஒரு மாதம் சேதியே இல்லை. விளையாட்டு வெளியாகிவிட்டதென்று ஜோஷுவா சொன்னார். சாலோமி அதைத் தன் போனில் ஏற்றவில்லை. வேறொருத்தி குரல் வந்தால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் டவுணுக்குப் பஸ் ஏறினாள். தினமும் அந்த வழியில் ஓடுகிற பஸ், கண்டக்டர் அம்மையப்பன் தெரிந்தவர். வண்ணார்பேட்டை தாண்டியதும் டிரைவர் காலை அழுத்தி மிதிக்க, வண்டி ஆற்றுப்பாலத்தில் பறந்தது. முன் சீட்டில் ஒரு ஆள், காதோரம் நரைத்தவர், மடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டை வைத்துக்கொண்டு போனில் முழங்கை ஆட ஆட விளையாடிக்கொண்டிருந்தார். டப்டப்பென்று வெடிச் சத்தம். சாலோமி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கீழே ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

"ஏலே, பைய, பைய! பைய விடுலே!"

பஸ் முழுக்க அதிர்ந்தது. டிரைவர் பிரேக்கில் காலை வைத்தார். நின்றவர்கள் முன்னால் சரிந்தார்கள். பஸ் நடக்கிற வேகத்தில் பாலத்தைக் கடந்தது. முன் சீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் அறியாமல் தன் ஜீப்பைப் பத்திரமாக அக்கரை சேர்த்துக்கொண்டிருந்தார்.

அம்மையப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தார்.

"என்ன டீச்சர், இப்படியா சத்தம் போடுவிய? டிரைவரு பயந்துட்டாருல்லா!"

சாலோமிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவில்லை.

"நான் வாயவே தொறக்கலியே, அண்ணாச்சி" என்றாள்.