ரோஸ் டைல்ஸும் ஒல்லிக் கீசரும்

டொக்... டொக்... கர்ர்ர்.

கீசர் விற்றுப் பிழைக்கிறவள் தன் வீட்டுக் கீசரின் சத்தத்துக்கே நடுங்கினாள் என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் கடையில் ஒரே ஒருத்தனைத் தவிர யாரிடமும் இதை மூச்சுவிடவில்லை. பிள்ளை தூங்கிவிட்டாள், என்னைப் போல கீசருக்குப் பயந்து வாழும் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

முதல் சத்தம்

இருட்டி செத்த நேரம்தான் ஆகியிருக்கும். ராஜபாளையத்தில் எங்கள் குளியலறைக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலிருந்தது. கான்வென்ட்டில் படித்த பழக்கம், வாயில் முதலில் வந்தது ‘அருள் நிறைந்த மரியே’. மாரியம்மனைப் பொறவுதான் கூப்பிட்டேன். எட்டு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டேன். என் வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“கீசர்தான் தட்டுது. ஏட்டி, ஊருக்கெல்லாம் இதை விக்கிறது நீதான?”

டைல்ஸ் துண்டு

மறுநாள் சேத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மஞ்சப்பையிலிருந்து உடைந்த டைல்ஸ் துண்டை எடுத்து மேஜையில் வைத்து, இதற்குப் பொருத்தமாகக் கீசர் கேட்டார். வீட்டில் எத்தனை பேர், போர் தண்ணியா, உப்பா என்று டீச்சர் மாதிரி விசாரித்தேன். உள்ளுக்குள் கூசியது. எங்கள் பழைய கீசர் கெட்டபோது இதில் ஒரு கேள்வியையும் நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. ரோஸ் டைல்ஸுக்கு எடுப்பாக இருக்கும் என்று, கண்ணாடி முகப்பு வைத்த ஒல்லிக் கீசரைத் தூக்கி வந்தவள் நான். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சூடு எந்தப் பெட்டியிலயும் வந்துரும் தாயி. கலரு வருமா?”

இருக்கியா?

சத்தம் கேட்ட நாளிலிருந்து பிள்ளைக்கு அடுப்பில்தான் வெந்நீர் போட்டேன். எனக்கும் சேர்த்துப் போட நேரமில்லை, பஸ் போய்விடும். அதனால் கீசர் தண்ணீரில்தான் குளியல், கதவைத் தாழ் போடாமல். ஏதாவது ஆனால் ஓடி வர வேண்டாமா? வீட்டுக்காரர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே காவல் நிற்பார். “இருக்கியா?” என்பார். “இருக்கேன்!” என்பேன். ஒருநாள் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் இதை முழுக்கக் கேட்டுவிட்டு அவரிடம் மெதுவாக விசாரித்தாராம்:

“மேடத்துக்கு எம்புட்டு நாளா சார் இப்பிடி?”

கைப்பிடிச் சுண்ணாம்பு

அதற்குமேல் மானம் தாங்கவில்லை. எங்கள் கடை மெக்கானிக் முருகேசனை வீட்டுக்கு வரச் சொன்னேன். கீசரைக் கழற்றிக் கவிழ்த்தான். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் கைப்பிடி அளவுக்குக் கொட்டின. எல்லாம் எங்கள் போர் தண்ணியின் உப்பு. அதுவரை என்னைக் கேலி செய்துகொண்டிருந்தவன், சூடு மிஞ்சினால் ஆவியை வெளியே விடும் பிரஷர் வால்வை விரலால் தடவிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

“மொத்தமா அடைச்சுக் கெடக்குக்கா. வெடிக்கிறதுக்கு நல்ல நாள் பாத்துக்கிட்டு இருந்திருக்கு.”

பால்கேன்

உப்புத் தண்ணியைத் தாங்கும் ஒன்றை அவனே எடுத்து வந்து மாட்டினான். வெள்ளையாக, குண்டாக, பால்கோவா கடைக்குப் பால் கொண்டுபோகும் கேன் மாதிரி சுவரில் தொங்கியது. அப்போதும் என் வாய் கேட்டது, “இது ரோஸ்ல வராதா முருகேசா?”

“ஒங்களுக்கு உசுரு வேணுமா, ரோஸு வேணுமா?”

இன்று பிள்ளையைக் கீசர் வெந்நீரில் குளிப்பாட்டித் தூங்க வைத்துவிட்டு, சத்தமே போடாத அந்தப் பால்கேனின் கீழே நான் குளிக்கப் போனேன்; வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் “இருக்கியா?” என்று கேட்டு முடிப்பதற்குள் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டேன்.