உண்மை அனுபவங்கள் என்று அட்டையில் போட்ட புத்தகம்

“ஏம்பா, அம்மாவ நீ ஆஸ்பத்திரிக்கே கூட்டினு போவலியா?” என்று என் அண்ணன் மகள் கேட்டபோது அண்ணன் வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவது நின்றது. அவளையும் அவள் கையிலிருந்த புத்தகத்தையும் பார்த்தார். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை.

அவள் திருப்பத்தூரில் நர்சிங் படிக்கிறாள். கல்லூரியில் பரிசாகக் கொடுத்த புத்தகம் அது. எங்கள் ஜவ்வாது மலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டர் எழுதியது. அட்டையிலேயே ‘உண்மை அனுபவங்கள்’ என்று போட்டிருந்தது. அதில் ஓர் அத்தியாயத்தில் எங்கள் ஊர்ப்பெயர் இருந்தது. ஐப்பசி மழையும் இருந்தது. வலி கண்ட மனைவியைப் புருஷன்காரன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, சாமி உத்தரவுக்காகக் காத்திருந்தானாம். எல்லாம் கைமீறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தானாம். டாக்டர் போராடிக் குழந்தையை மட்டும் காப்பாற்றினாராம். எங்கள் ஊரில் அப்படித் தாயை இழந்து பிழைத்த குழந்தை இவள் ஒருத்திதான். படித்தவள் அப்பாவிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாள்?

நடந்ததை நான் பார்த்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்த சமயம். காலையில் அண்ணிக்கு வலி கண்டதுமே அண்ணன் கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டிவிட்டார். மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. ஊர் ஆண்கள் தோள் மாற்றித் தூக்க, நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். வழியெல்லாம் அண்ணி பேசிக்கொண்டே வந்தார். “அடைக்கு வெச்ச கோழிய யாரு பாத்துப்பா? நீயாச்சும் வூட்டுல இருந்திருக்கலாம்ல?” என்று என்னைத் திட்டினார். வலி வந்தால் பல்லைக் கடிப்பார். விட்டதும் மறுபடி கோழிதான்.

ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. “டாக்டரு கீழ போயிருக்காரு, திங்கக்கெழமதான் வருவாரு. நர்சம்மாவும் லீவு” என்றார் எதிர்வீட்டுக்காரர். வராந்தாவிலேயே குழந்தை பிறந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் புடவையால் மறைத்துப் பிடித்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. அண்ணன் பெரிய கல்லாக எடுத்துப் பூட்டை உடைத்து உள்ளே ஓடினார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். யாரோ ஒரு ஜீப்பைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். மலையடிவாரத்து ஆலங்காயம் போய்ச் சேருவதற்குள் அண்ணி போய்விட்டார்.

அண்ணன் மகள் டாக்டரின் புத்தகத்தைக் கொண்டுவந்த அதே மாதம் வேறொரு புத்தகமும் படித்தேன். நாவல். கடலோரத்துக் கதை. எழுதியவர் எங்கள் மலையை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அதில் வலியோடு படகுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி, உப்புப் போட்டு வைத்த மீனைப் பூனை தின்றுவிடுமே என்று பதறுகிறாள். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அது என் அண்ணிதான். முதல் பக்கத்தில் ‘யாவும் கற்பனை’ என்று அச்சடித்த புத்தகத்தில் அண்ணி உயிரோடு இருந்தார். ‘உண்மை’ என்று அச்சடித்ததில் அவர் ஊமையாகக் கிடந்தார், என் அண்ணன் கொலைகாரனாக நின்றார். கற்பனை செய்கிறவருக்கு இருந்த கூச்சம்கூட, நேரில் இருந்தேன் என்று சத்தியம் செய்கிறவருக்கு இல்லாமல் போனது எப்படி?

நடந்ததையெல்லாம் முதல்முறையாக அண்ணன் மகளிடம் சொன்னேன். அழாமல் கேட்டாள். “வா அத்த, அந்தாளப் போய்ப் பாக்கலாம்” என்றாள்.

திருப்பத்தூரில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா. முடிந்ததும் கையெழுத்துக்கு வரிசை நின்றது. எங்கள் முறை வந்தபோது அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள்.

“பேரு என்னம்மா?”

“இதுல பொறந்த கொழந்த நான்தாங்க. நர்சிங் படிக்கிறேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. “அப்படியா! நர்சிங்கா படிக்கிற? ரொம்ப சந்தோஷம்” என்று பக்கத்திலிருந்தவரிடம் அவளைக் காட்டினார். அந்த மலர்ச்சியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அன்னைக்கி ஆஸ்பத்திரி பூட்டியிருந்துச்சுங்க. நீங்க ஊர்லயே இல்ல” என்றேன்.

பேனா நின்றது. “அது ஒரே சம்பவம் இல்லம்மா. நாலஞ்சு சம்பவத்தைச் சேர்த்து எழுதினேன். மக்களுக்கு ஒரு விழிப்புணர்வு வரணும்ல?”

“அந்த நாலஞ்சுல ஒண்ணுலகூடவா ஆஸ்பத்திரிப் பூட்டு இல்ல?”

அவர் எங்களைத் தாண்டி வரிசையைப் பார்த்தார். விழாக்காரர் ஒருவர் வந்து, “பின்னாடி ஆள் நிக்கிறாங்க, கொஞ்சம் நகருங்கம்மா” என்றார். நகர்ந்தோம். எங்களுக்கு அடுத்தவருக்கு அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

ஊருக்கு வந்ததும் அவள் நேராக அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “பூட்ட ஒடச்சிட்டு உள்ள போனியேப்பா, இன்னா பண்ண?” என்றாள். நான் இத்தனை வருஷத்தில் கேட்கத் துணியாத கேள்வி.

அண்ணன் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அலமாரி பூரா மாத்திரதான். வெள்ளையா ஒரு பொட்டி இருந்துச்சு, தொறந்தா சில்லுனு இருந்துச்சு. சின்னச் சின்ன பாட்டிலு. ஒண்ண எடுத்தேன், வெச்சிட்டேன். எது எதுக்குன்னு எனக்கு இன்னாம்மா தெரியும்?”

அவள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

அவர் சாப்பிட உள்ளே போனபிறகு என்னிடம் மெல்லிய குரலில் சொன்னாள். “ரத்தத்த நிறுத்துற ஊசிய அந்தப் பொட்டியிலதான் அத்த வெப்பாங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத.”