காதைத் தொட்டால் பொய்

அந்தப் பல் செட் பட்டறையில் அவரை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கோர்ட்டுப் படியை மிதித்ததே இல்லை. இருபத்திரண்டு வருடமாக மெழுகில் பல் நடுகிற வேலை. பொக்கை வாயின் அச்சு ஒன்று மேசைக்கு வரும். அதன் மேல் மெழுகை உருக்கி வைத்து, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, முகம் தெரியாத அந்த ஆளின் சிரிப்பு இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவரே முடிவு செய்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மனிதர்களை எடை போடுவதிலும் அவருக்கு அதே கண் உண்டு என்று பட்டறையில் ஒரு பேச்சு. அவருக்கும் அந்த நினைப்பு கொஞ்சம் உண்டு.

வக்கீல் என்ற பெயர் சனிக்கிழமை ஆட்டத்தால் வந்தது. அன்று மதியம் செட்டுகள் எல்லாம் கொதி தொட்டிக்குள் போய்விடும். செயற்கை ஈறுக்கான இளஞ்சிவப்பு மாவை அடைத்த இரும்புக் கூடுகள், எழுபது டிகிரி வெந்நீரில் ஒன்றரை மணி நேரம் கிடக்க வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆகவே ஒன்பது பேரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஓநாய் ஆட்டம் ஆடுவார்கள்.

ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மற்ற எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு சீட்டு. இரண்டில் ஓநாய், ஆறில் ஆடு. எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள, ஓநாய்கள் மட்டும் கண்ணைத் திறந்து ஓர் ஆட்டைச் சத்தமில்லாமல் சுட்டிக்காட்டும். அந்த ஆடு காலி. பிறகு எல்லோரும் கண் திறந்ததும் வழக்கு ஆரம்பிக்கும். நீயா, நானா, நீ ஏன் சிரித்தாய், அவன் ஏன் தண்ணீர் குடித்தான். கடைசியில் கை நீட்டுவார்கள். அதிகக் கை யார் பக்கம் நீள்கிறதோ அவர் வெளியே. இரண்டு ஓநாயும் மாட்டினால் ஆடுகளுக்கு ஜெயம். ஆடும் ஓநாயும் சரிக்குச் சரியாகிவிட்டால் ஓநாய்க்கு ஜெயம்.

இதில் அப்படி என்ன ருசி என்று முதலாளியம்மா ஒருமுறை கேட்டார். அச்சில் பிளாஸ்டர் ஊற்றி வார்க்கிற, வாரம் முழுக்க வாயே திறக்காத பிளாஸ்டர்காரர், சீட்டில் ஓநாய் வந்துவிட்டால் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு "நான் ஆடுங்க" என்று கெஞ்சுவார். அதைப் பார்த்தால் போதும், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற மனிதருக்குள் இப்படி ஒருவர் இருந்தாரா என்று வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். பொய் சொல்ல அனுமதி, சந்தேகப்பட அனுமதி, எழுந்ததும் கணக்குத் தீர்ந்தது. ருசி அதுதான்.

"எப்படிண்ணே கரெக்டா பிடிக்கிறீங்க?" என்று டெலிவரிக்காரர் வாராவாரம் கேட்பார். கிளினிக்குகளுக்குச் செட் கொண்டுபோகிறவர். நாக்கில் எதுவும் நிற்காது.

"ஆட்டுக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா. அதனால தேடும், தடுமாறும், மாத்தி மாத்திப் பேசும். ஓநாய்க்குத்தான் எல்லாம் தெரியுமே! அது தேடுற மாதிரி நடிக்கும். அதனால யார் பயப்படுறான்னு பாக்காதே. யார் உண்மையிலேயே தேடலைன்னு பாரு."

"நீங்க ஓநாயா இருந்தா?"

"முடிஞ்ச வரைக்கும் உண்மையே பேசுவேன். பொய்யைச் சில்லறையா செலவழிக்கக் கூடாது."

ஒரு சனிக்கிழமை அவருக்கும் பாலிஷ் அக்காவுக்கும் ஓநாய்ச் சீட்டு வந்தது. கொதி தொட்டியைப் பார்த்துக்கொள்வதும் செட்டுகளுக்குப் பாலிஷ் போடுவதும் அவள் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். பெரியவர்களுக்கும் சேர்த்து எல்லோருக்கும் அவள் அக்காதான். ஐந்து பேர் மிச்சம், அதில் ஓநாய் இரண்டு. சந்தேகம் மெல்ல வக்கீல் பக்கம் சாய்ந்தது. தப்பிக்க ஒரே வழி, கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பது. அது ஆட்டத்தில் நியாயமான வித்தைதான். ஆனால் அவள் ஓநாய் என்று தனக்கு எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அந்த நேரம் பார்த்து அவள் காது மடலைத் தடவினாள்.

"பாத்தீங்களா? அக்கா பொய் சொல்லும்போது காதைத் தொடும். எப்பவுமே அப்படித்தான்."

நாலு கையும் அவள் பக்கம் நீண்டன. சீட்டைத் திருப்பினாள். ஓநாய். மேசையே ஆர்ப்பரித்தது. அதன் பிறகு அவரை யார் சந்தேகப்படுவார்கள்? ஒற்றை ஓநாயாக நின்று ஜெயித்தார்.

"கூட்டாளியையே வித்துட்டீங்களே அண்ணே!" என்று அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதோடு போயிருக்க வேண்டும். தொட்டியை அணைக்க எழுந்தபோது டெலிவரிக்காரர் கேட்டார், "அந்தக் காது விஷயம் நிஜம்தானா, இல்ல அடிச்சு விட்டீங்களா?"

ஆட்டம் முடிந்துவிட்டது. பொய்க்கு இருந்த அனுமதியும் முடிந்துவிட்டது. எட்டு முகங்கள் வியப்போடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பின்னே? ஆறு மாசமா கவனிச்சுட்டு வர்றேன்" என்றார் வக்கீல்.

அன்றிலிருந்து அவள் கை காதுப் பக்கம் போனாலே "காது, காது" என்று கத்துவார்கள். அவள் ஓநாயாக இருந்து தொட்ட நாட்களை ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். ஆடாக இருந்து தொட்ட நாட்களை மறந்தே போனார்கள். கொஞ்ச நாளில் அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். பிறகு, "நான் ஆட்டத்தை நடத்துறேன், நீங்க ஆடுங்க" என்று ஒதுங்கிக்கொண்டாள். வக்கீல் அதையும் கவனிக்கத்தான் செய்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, கூடுகளைத் திறந்து பார்த்தால் பதினொரு செட்டிலும் ஈறு முழுக்கக் குமிழி. தண்ணீர் தொடக்கத்திலிருந்தே தளதளவென்று கொதித்தால்தான் அப்படி ஆகும். பதினொரு கிழங்கள் கஞ்சி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். முதலாளியம்மா எல்லோரையும் நிற்க வைத்தார்.

"எழுபதுலதான் வச்சேன் மேடம். டயலை ரெண்டு தடவை பாத்தேன்" என்றாள் பாலிஷ் அக்கா. சொல்லும்போதே அவள் கை காதுக்குப் போனது.

"காது..." என்றார் டெலிவரிக்காரர், வாய் தவறி. யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"என்ன காது?"

டெலிவரிக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். முதலாளியம்மா வக்கீல் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

இல்லை மேடம், நான் கட்டிவிட்ட கதை அது. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் நாக்கு வேறு வாக்கியத்தைத் தேடிப் பிடித்தது.

"அது... ஆட்டத்துல சொல்றது மேடம்."

இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. சொல்லும்போது லேசாகச் சிரித்தும் வைத்தார். முதலாளியம்மாவுக்கு அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது. தொட்டி வேலை அவளிடமிருந்து போனது. அச்சுக்களைக் கழுவுகிற தொட்டிக்கு அவளை மாற்றினார். அங்கே எட்டு நாள் நின்றாள். ஒன்பதாம் நாள் வரவில்லை.

வக்கீல் நட்ட பற்கள் அந்த வாரம் கோணலாக வந்தன. காலையில் காபியை ஆறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னார். ஒன்றுவிடாமல் சொன்னார்.

"இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாம எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"திங்கக்கிழமை முதலாளியம்மாகிட்ட சொல்லிடறேன்."

"ஏன், இன்னைக்கு வாய் வலிக்குதா?"

திங்கட்கிழமை வருவதற்குள் சனிக்கிழமை வந்தது. இந்தத் தடவை தொட்டியை வைத்தவர் பிளாஸ்டர்காரர். ஆறு செட்டில் குமிழி. ரிப்பேர்காரர் வந்து வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். டயல் எழுபது காட்டியது, தண்ணீர் தொண்ணூற்றெட்டில் இருந்தது. சில நாள் சரியாக ஓடும், சில நாள் இப்படி ஏமாற்றும் என்றார். ஓநாய் என்று அங்கே ஒருவருமே இல்லை. ஆட்டத்தில் எப்படியும் இரண்டு சீட்டில் எழுதியிருக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டார்கள்.

"பாவம் அக்கா" என்றார்கள் எல்லோரும். முதலாளியம்மா போன் செய்து வருத்தம் தெரிவித்தார், திரும்ப வரச் சொன்னார். அவள் வரவில்லை. வக்கீலுக்கு இப்போது யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நிமிடம் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த ஒரு நிமிடத்தை நினைத்துத்தான் அவர் பிறகு அதிகம் கூசினார்.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்திருந்தாள். பின்கட்டில் கண்ணாடி ஓரம் தேய்க்கிற மெஷின். மதிய இடைவேளையில் வக்கீல் போய் நின்றார். முன்னுரை எதுவும் வைத்துக்கொள்ளாமல் சொன்னார். ஆறு மாதம் கவனித்தது பொய், காது பொய், அன்று முதலாளியம்மா முன்னால் சிரித்தது எல்லாவற்றையும்விடப் பெரிய பொய்.

அவள் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

"வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தேன் அண்ணே. எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன், நான் காதைத் தொடுறேனான்னு. ஆமா, உனக்குக் கூச்சமா இருந்தா தொடுவேன்னார். எனக்குத்தான் மனசு கேக்கலை. நீங்க ஆறு மாசம் பாத்தவராச்சே! அப்போ நான் டயலை மாத்தித்தான் வச்சுட்டேனோ, எனக்கே தெரியாம பொய் சொல்றேனோன்னு... இருபது நாள் அண்ணே. என்னை நானே நம்பலை."

கழுவுகிற வேலைக்கு மாற்றிய கோபத்தில் அவள் நின்றுவிட்டாள் என்றே வக்கீல் அதுவரை நினைத்திருந்தார்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. அந்த மேசையில சொல்லுங்க. அதே ஆளுங்க இருக்கும்போது."

சொன்னார். சனிக்கிழமை, சீட்டுக் கலைப்பதற்கு முன்னால். முதலாளியம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு சொன்னார். முடித்ததும் டெலிவரிக்காரர் கைதட்டினார்.

"சூப்பர்ண்ணே! இன்னும் சீட்டே போடலை, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டீங்களா?"

மேசை சிரித்தது. அவர் மறுபடி சொன்னார். அக்கா மேல் பரிதாபப்பட்டு, பெரிய மனசு பண்ணிப் பழியைத் தான் ஏற்றுக்கொள்கிறார் என்றார் பிளாஸ்டர்காரர். மூன்றாவது தடவை குரல் உடைந்தபோதுதான் சிரிப்பு நின்றது. முதலாளியம்மா எழுந்து உள்ளே போனார். அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர அவரோடு ஒரு வார்த்தை அதிகம் பேசியதில்லை.

சாயங்காலம் பாலிஷ் அக்காவுக்குப் போன் செய்தார்.

"சொல்லிட்டேம்மா."

"நம்பினாங்களா?"

"ரெண்டு மூணு பேர் இன்னும் நம்பலை."

"அது உங்க பாடு அண்ணே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கஸ்டமர் நிற்கிறார் என்று வைத்துவிட்டாள்.