எட்வேட் சொல்லிவிட்ட சாவுச் செய்தி

எட்வேட் மன்னார் பேசாலையைச் சேர்ந்தவர். சுவிற்சர்லாந்தில் டாவோஸ் நகரில் பாத்திரம் கழுவத் தொடங்கியவர், இப்போது அதே பள்ளத்தாக்கில் சற்று மேலே உள்ள சிறிய ஹொட்டல் ஒன்றில் சாப்பாட்டு மண்டபத்துக்குப் பொறுப்பாக இருக்கிறார். குடியிருப்பது ஹொட்டல் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். அவருடைய மனைவி றீற்றா இதை அடிக்கடி நினைவூட்டுவார்.

சென்ற மாரியில் அங்கே பலஸ்தீனர் நால்வரும் இஸ்ரேலியர் நால்வரும் வந்து தங்கினார்கள். அரசுகள் அனுப்பியவர்கள் அல்ல; அரசுகளுக்குத் தெரியாமல் வந்தவர்களும் அல்ல. பலஸ்தீனருக்கு ஒரு நாடு அமைந்தால் எல்லை எங்கே, பாதைகள் யார் கையில் என்று ஒரு வரைவு எழுதுவதே நோக்கம். சாப்பாடு தனித்தனி அறைகளில். ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் சொல்லக்கூடாது என்று மேலாளர் எல்லா வேலையாட்களையும் எச்சரித்திருந்தார். மீறினால் வேலை இல்லை.

"ஜெனீவாவிலை றோட்டிலை கொடி பிடிச்சனீங்கள். இப்ப உள்ளுக்கை நிண்டு கோப்பி ஊத்துறீங்கள். பதவி உயர்வுதான்," என்று றீற்றா பகிடி பண்ணினார்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்."

"நான் இருப்பன். நீங்கள் இருப்பியளோ?"

2006 ஐப்பசியில் எங்களுடைய பேச்சுவார்த்தை, இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலானது, ஜெனீவாவில் நடந்தபோது எட்வேட் வெளியே நின்றவர். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-ஒன்பது பாதையைத் திறக்கும் விடயத்தில் இணக்கம் வரவில்லை. அடுத்த சந்திப்புக்குத் திகதி குறிக்காமலே கலைந்தார்கள். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாம் நாள் மத்தியானம் பலஸ்தீனர் குழுவின் தலைவருக்குத் தேநீர் கொண்டு எட்வேட் மேலே போனார். அவர் ஒரு வயதான டொக்டர். கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

"என் தங்கை காலையில் போய்விட்டாள்," என்றார்.

பக்கத்தில் நின்ற இளைய உறுப்பினர் எட்வேட்டைப் பார்த்தார். "இது இந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது. இஸ்ரேலியருக்குத் தெரிந்தால், துக்கத்தில் இருக்கிறீர்கள், பிறகு பார்ப்போம் என்று எழுந்துவிடுவார்கள்." எட்வேட் தலையாட்டினார்.

கீழே இஸ்ரேலியக் குழுவில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற பெண் வழக்கறிஞர் கோப்பி கேட்டார். "டொக்டர் ஏன் இன்னும் வரவில்லை? ஏதும் நடந்ததா?"

எங்கள் ஊர்ப்பக்கத்தில் சாவுவீட்டுக்கு அழைப்பு இல்லை. கேள்விப்பட்டவர் போவார், வருடக்கணக்காகக் கதைபேச்சு இல்லாதவரும் போவார். அதனால் ஒரே கூரையின் கீழ் இருப்பவருக்குச் சாவை மறைப்பது பகையாளிக்கும் செய்யாத காரியம். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் எட்வேட் வாயைத் திறந்தார்.

"அவருடைய தங்கை இறந்துவிட்டார், மடம்."

வழக்கறிஞர் கோப்பையை வைத்துவிட்டுப் படியேறினார். அப்போதுதான் எட்வேட்டுக்குத் தான் செய்தது விளங்கியது. பின்னாலேயே ஓடினார்.

இளையவர் கதவை மறித்து நின்றார். "யார் சொன்னது?"

வழக்கறிஞர் டொக்டரைப் பார்க்கவேண்டும் என்றார்.

"நான்தான்," என்றார் எட்வேட்.

"எங்கள் வீட்டுச் சாவைக் கொண்டுபோய் இவர்கள் மேசையில் வைத்துவிட்டாய்!" இளையவர் மற்ற இருவரையும் கூப்பிட்டுப் பெட்டிகளை அடுக்கச் சொன்னார். சத்தம் கேட்டு மேலாளரும் வந்துவிட்டார்.

டொக்டர் வெளியே வந்தார். வழக்கறிஞர் நீட்டிய கையை அவர் பிடிக்கவில்லை.

"அனுதாபம் வேண்டாம். உடல் நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. எங்கள் ஊர் வாசலில் உங்கள் இராணுவம் போட்ட இரும்புக் கேற் பூட்டியிருக்கிறது. பொழுதுபட முன் அடக்கம் செய்யவேண்டும். திறப்பிக்க முடியுமா?"

"தெரியாது. கேட்டுப்பார்க்கிறேன்."

வழக்கறிஞர் நடையில் நின்றபடியே தொலைபேசியில் எபிரேய மொழியில் பேசினார். என்ன பேசினார் என்று எட்வேட்டுக்கு விளங்கவில்லை. ஆகவே நானும் எழுதவில்லை. மறுமுனையில் முதலில் பேசியவர் இடையில் தொலைபேசியை வைத்துவிட்டார். அடுத்தவர் உடலை ஏற்றிய வாகனத்தின் இலக்கம் கேட்டார்; டொக்டர் சொன்னார். பெட்டிகள் லிப்ட் வாசலுக்கு வந்துவிட்டன. யன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்து வெயில் மலையுச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. டொக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் டொக்டரின் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் அவருடைய மருமகன். உடலை ஏற்றிய வான் கேற்றைத் தாண்டிவிட்டது. உடலோடு இரண்டு பேரை மட்டும் விட்டார்களாம். மற்றச் சொந்தக்காரர் கேற்றுக்கு வெளியே நிற்கிறார்களாம்.

டொக்டர் வழக்கறிஞருக்கு நன்றி சொல்லவில்லை. "இரண்டு பேர்," என்றார். பிறகு இளையவரிடம், "பெட்டிகளை உள்ளே வை. நாளைக்கு இந்தக் கேற்றிலிருந்து தொடங்குவோம்," என்றார்.

மூன்றாம் நாள் எல்லை பற்றி ஒரு வரிகூட இணக்கமாகவில்லை என்று கேள்வி. அடுத்த சந்திப்புக்குத் திகதி குறித்தார்கள். தாங்கள் இருக்கும் இடத்தில் எட்வேட் இருக்கக்கூடாது என்று இளையவர் கேட்டுக்கொண்டார். மேலாளர் எட்வேட்டை வேலையால் நிற்பாட்டவில்லை. சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவ அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து எட்வேட் எல்லாவற்றையும் சொன்னார். றீற்றா முதலில் கேட்டது இதைத்தான்.

"வீடு?"

"இருக்கு."

"அவையள் திகதி வைச்சிட்டினமோ?"

"ஓம்."

"அப்ப பேசாமல் கழுவுங்கோ."