விஷம் தின்னும் வெயில்

விஷத்தை வெயிலில் போட்டு ஒழிப்பதுதான் என் பிழைப்பு. திண்டிவனத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. வல்லம் பக்கத்து வயல்களில் கண்ணாடித் தட்டுகள் வைத்துவிட்டு வருவேன். தட்டில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பூச்சு. பூச்சிமருந்து ஸ்பிரேயரைக் கழுவிய தண்ணீரை அதில் ஊற்றிவைத்தால், வெயில் பட்டதும் பூச்சு மருந்தை உடைத்துப்போடும். வெயிலில் மண்டை காய்ந்து சம்பளம் வாங்கும் சகாக்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

பந்தல்

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போட்டிருந்த ஏழுமலை நிலத்தில் முதல் தட்டு. ஸ்பிரேயர் கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்காலில் குடித்துத்தான் போன வருடம் அவருடைய கன்று செத்தது. இப்போது பசு மறுபடி சினை. அதனால் என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

மறுவாரம் போனால் தட்டுக்குமேல் தென்னங்கீற்றுப் பந்தல்! மருந்து நாற்றம் அப்படியே இருக்கிறது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து கத்திவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மருந்து டப்பாவுல வெயில் படாம நிழல்ல வைக்கச் சொல்லிக்கிறான் சார். நான் பத்திரமா பாத்துக்கினா, நீங்க கத்துறீங்க!"

தேயாத பூச்சு

பந்தலைப் பிரித்தோம். சில நாள் நல்ல வெயில். தண்ணீரை எடுத்துவந்து சோதித்தால் மருந்தைக் காணோம். பூச்சோ வைத்தபடியே இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அதிசயம்தான். கூட வேலை செய்யும் மேரி பெருமூச்சு விட்டார்: "தானும் தேயாம, சத்தமும் போடாம, கூட இருந்தே வேலைய முடிச்சிடுது. நம்ம ஆபீஸ்ல அப்படி ஒருத்தரக் காட்டுங்க பாப்போம்!"

மீன் குஞ்சு

ரிசல்ட்டைச் சொன்னேன். ஏழுமலையின் மனைவி வனஜா நம்பவில்லை. வாய்க்காலில் மீன் செத்து மிதந்ததைப் பார்த்தவர். கிணற்றிலிருந்து சொம்பில் மீன் குஞ்சு பிடித்துவந்து தட்டில் விட்டார். குஞ்சு ஒரு மூலையில் அசையாமல் நின்றது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு சுற்றிவர ஆரம்பித்தது. சாயங்காலம் வரை ஏழுமலையும் வனஜாவும் நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். குஞ்சு நீந்திக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விட வனஜா சம்மதித்தார். முந்தானையால் நெற்றியைத் துடைத்தபடி மேலே பார்த்தார். "மண்டையப் பொளக்குதுன்னு தினம் திட்டிக்கினு இருந்தேன் சார். என் மாட்டக் காப்பாத்துற சாமியவா திட்டிக்கினு இருந்தேன்?"

அன்றிலிருந்து நானும் வெயிலைத் திட்டுவதில்லை. குடையை மட்டும் மறக்காமல் எடுத்துப்போகிறேன்.